டிரையர் வாயில் வைத்த விமான இன்ஜின்

வாசகப் பெருமக்களே, இந்த வழக்கில் உங்களைச் சாட்சியாக நிறுத்தப் போகிறேன். சாட்சிக்கு இங்கே வேலை அதிகமில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அன்றைய கடைசி இலை உலர்ந்து வெளியேறிவிட்டது. டிரையரின் சூடு மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதன் வெப்பக்காற்று வாயருகே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மாதிரி விமான இன்ஜினைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டபடி நிற்பவன் நான். எனக்கு இடப்பக்கம் என் மேலதிகாரி. வலப்பக்கம், அந்த இன்ஜினை வடிவமைத்த பெண். பின்னால், தன் தேயிலைக்கு ஏதாவது வாசம் ஏறிவிடுமோ என்று மூக்கை விடைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் தேயிலைப் பதம் பார்க்கும் டீ மேக்கர். எங்களில் யார் சொன்னது சரி என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் தோட்டப் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். இன்று அங்குள்ள இளையவர்கள் இன்ஜினைக் கணினியோடு இணைத்து, அதன் வலிமையையும் சூட்டையும் அதிர்வையும் திரையில் கோடுகளாகப் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம். அந்தக் கருவியை நிர்வாகத்திடம் கேட்டுப் போராடி வாங்கித் தந்தவனே நான்தான். விடைபெறும் விருந்தில் அவர்களில் ஒருவன், "அண்ணே, முன்னெல்லாம் கையால சுத்திப் பாத்தே இன்ஜின் நல்லதா கெட்டதான்னு சொல்லிடுவீங்களாமே, அது எப்படி லா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் தரும் மறுமொழி இது.

பயிற்சிக் காலத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் இயந்திரவியல் டிப்ளோமா. கம்போங் ராஜா இளைஞர் மன்றத்தில் மேடைப்பேச்சு. முன்னதில் தேறினேன், பின்னதில் வென்றேன். மன்றத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள். ஒரு வாரம் "பட்டணமே வாழ்வு தரும்" என்று முழங்குவேன். அடுத்த வாரம் "தோட்டமே வாழ்வு தரும்" என்று முழங்குவேன். இரண்டுக்கும் ஒரே கூட்டம் கைதட்டும். என் குரலுக்கு எதிரே எந்த வாதமும் நிற்காது என்ற நம்பிக்கையோடும், கோப்பைகள் நிறைந்த ஒரு பெட்டியோடும் நான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பதவி: உதவிப் பொறியாளர். பணி: சிறு இன்ஜின்களை மதிப்பிடுவது.

தேயிலைத் தோட்டத்தில் சிறு இன்ஜின்களுக்குக் குறைவில்லை. இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு இலை வெட்டும் இயந்திரம், முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பு, செடிகளைக் கவாத்து செய்யும் கத்தி எல்லாம் அவற்றால்தான் ஓடும். எங்கள் பட்டறை கையெழுத்திட்டாலன்றி நிர்வாகம் ஒன்றையும் வாங்காது. அந்தக் கையெழுத்துக்கு உரியவர் சுந்தரராஜு ஐயா, பட்டறையின் தலைமைப் பொறியாளர்.

அவர் ஒரு இன்ஜினை அணுகும் விதத்தை நான் இன்றும் கண்முன் காண்கிறேன். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைப்பார். யாரும் சொல்லாமலே வானொலி அணைக்கப்படும். பிறகு கண்களை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் இன்ஜினின் அச்சை மெல்லச் சுழற்றுவார். பிஸ்டன் மேலேறும்போது எங்கே வழுக்குகிறது, எங்கே முனகுகிறது, எங்கே தயங்குகிறது என்பதை அந்தக் கட்டைவிரல் கேட்டுக்கொள்ளும். உள்ளே பிஸ்டனை அச்சோடு இணைக்கும் கம்பி மயிரிழை வளைந்திருந்தாலும், பிரித்துப் பார்க்காமலே சொல்வார்; பிரித்தால் வளைந்திருக்கும். இன்ஜின் நல்லதென்றால் "ம்" என்பார். கெட்டதென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். கடிகாரம் கையேறிவிட்டால் வழக்கு முடிந்தது என்று பொருள்.

பட்டறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கைக்கு இறுக்கமாகப் பிடிக்கும் இன்ஜினை நாங்கள் இயக்கிப் பார்க்கவே மாட்டோம். பித்தளை பாலிஷ் கொஞ்சம் ஊற்றி, சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, இளக்கிய பிறகுதான் இயக்குவோம். இலை வெட்டும் இயந்திரங்களிடம் கற்ற வைத்தியம் அது. அவற்றின் பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையம் இருக்கும். சற்றுத் தேய்ந்தாலும் வளையம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அந்த வைத்தியத்தால் பிழைத்த இன்ஜின்கள் ஏராளம். ஆகவே அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அப்படிப்பட்ட பட்டறைக்கு மாதிரி விமான இன்ஜின் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். தேயிலைக்குக் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. பனிமூட்டத்தில் பிறந்து, சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத சரிவுகளில் பரவி, நாம் காணும்போது பாதிக் கொழுந்தைத் தின்றிருக்கும். ட்ரோன்கள் மலையேறி வராத காலம் அது. சிறு விமானம் ஒன்றில் கேமராவைக் கட்டி, சரிவுகளுக்கு மேலே பறக்கவிட்டுப் படமெடுத்தால் என்ன என்று தோட்ட மேனேஜருக்குத் தோன்றியது. விமானத்திற்கு இன்ஜின் வேண்டும். இன்ஜினோடு வந்தவள் தேன்மொழி.

கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடுபவரின் மகள். பொறியியல் படித்து, ஈப்போவில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறு தொழிற்கூடம் வைத்திருந்தாள். அந்த இன்ஜினின் ஒவ்வொரு கோடும் அவள் வரைந்தது. எங்கள் பட்டறை ஏற்றுக்கொண்டால் தோட்டத்தின் எல்லா டிவிஷன்களுக்கும் அவளிடமே வாங்குவார்கள். மறுத்தால், நண்பர்கள் கடைசல் இயந்திரத்தை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவதென்று முடிவாகியிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை, கெஞ்சவுமில்லை.

"இந்தப் பொம்மைக்கு எவ்ளோ பெரிய பொட்டி" என்று சுந்தரராஜு ஐயா சிரித்தார்.

"ஐயா, இது பொம்ம இல்ல. இன்னொரு தடவ பொம்மன்னு சொன்னீங்க, நான் மல எறங்கிப் போயிடுவேன்."

"கோவப்படாத மா. எறங்கறதுக்குக் காய்கறி லோரி சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் பாத்துடுவோம்."

கடிகாரம் ஜன்னலுக்குப் போனது. வெளியே மூட்டம் தேயிலைச் செடிகளை மூடியிருந்தது. பட்டறையின் இரும்பெல்லாம் தொட்டால் சில்லிட்டது. ஐயா கண்களை மூடிக் கட்டைவிரலை வைத்தார். அச்சு வழுவழுப்பாகச் சுழன்றது. பிஸ்டன் மேல்முனைக்குப் போனதும் டிக்கென்று பிடித்துக்கொண்டது. வலுவாகத் தள்ளியபின்தான் விட்டது. மறுபடியும் சுழற்றினார். அதே இடம், அதே டிக். அவர் கண்களைத் திறந்தார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் எங்கள் ஃபிட்டர் தாஸ் அண்ணன், வழக்கப்படி, பாலிஷ் டப்பாவைத் திறந்துவிட்டிருந்தார். தேன்மொழி பாய்ந்து மேசைக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"தொடாதீங்கண்ணே! அத ஊத்துனீங்கன்னா இன்ஜின் செத்துடும்!"

"இறுக்கமா இருந்தா இளக்கணும் தங்கச்சி. இது எங்க வைத்தியம் லா."

"சளி புடிச்சவன் வந்தா மூக்க அறுத்து விடுவீங்களா?"

தாஸ் அண்ணன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். தேன்மொழி மேலதிகாரியிடம் திரும்பினாள். "ஐயா, அது கோளாறு இல்ல. வேணும்னேதான் அப்படிச் செஞ்சிருக்கேன். இதுல வளையமே கெடையாது. சிலிண்டர மேல கொஞ்சம் ஒடுக்கிக் கடைஞ்சிருக்கேன். ஓடிச் சூடாச்சுன்னா பித்தள சிலிண்டர் பிஸ்டனவிட அதிகமா விரியும். அப்போ அளவு கச்சிதமா வந்துடும்."

"ஓட ஓடச் சரியாயிடும். அப்படித்தானே?" ஐயாவின் குரலில் கோபமே இல்லை. "விக்க வந்தவங்க எல்லாம் எனக்கு இதத்தான் சொல்லியிருக்காங்க மா. பிடிக்கிற இன்ஜின நான் இந்த மேசையில ஓட்டறதில்ல. ஒரு தடவ ஓட்டி, கம்பி ஒடஞ்சு பறந்ததப் பாத்தவன் நான்."

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பொத்தானைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். "ஐயா! நம் மண்ணில் பிறந்த ஒரு மூளை, நம் மலைக்காக உருவாக்கிய ஒரு படைப்பு, நம் கண்முன்னே..."

"அறிவழகா, எறங்கு."

"எங்கேருந்து ஐயா?"

"மேடையிலேருந்து."

தாஸ் அண்ணன் இருமுவதுபோல் சிரித்தார். ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ அந்தப் பொண்ணு பக்கம் பேசற. பக்கம் எடுத்தவன் எட போட முடியாது. நீ ரெண்டு பக்கமும் பேசி ஜெயிச்சவன்தானே? நாளைக்கு வந்து இந்த இன்ஜின் வேணாம்னு பேசு. சும்மா பேசக்கூடாது, முழுசா, மனசாரப் பேசணும். அதுக்கப்புறமும் இது வேணும்னு உன் வாயில வந்தா, நான் மறுபடி கை வெக்கிறேன்."

சவாலை மறுக்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. "பேசறேன் ஐயா" என்றேன்.

தேன்மொழி அன்று லோரியில் இறங்கவில்லை. அப்பா வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வருவதாகச் சொன்னாள். மாலைவரை நான் அந்த இன்ஜினைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்பிவைத்துக் குற்றம் தேடினேன். தேடியவனுக்கு முதலில் கிடைத்தது வியப்புத்தான். சிலிண்டரின் உட்சுவர் குரோமியம் பூசிய பித்தளை, முகம் பார்க்கலாம். எரிபொருள் கலவை உள்ளே நுழையும் வாசல்கள், புகை வெளியேறும் வாசலோடு முட்டிக்கொள்ளாதபடி சாய்த்து வெட்டப்பட்டிருந்தன. அச்சுக்குள் துளை போட்டு எடையைக் குறைத்திருந்தாள். ஆனால் வலிமை வேண்டிய தோளில் கைவைக்கவில்லை. இது போட்டியாளரைப் பார்த்து எழுதிய விடையல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நான் எதிரணி. குற்றம் வேண்டும்.

மறுநாள் பட்டறையில் நின்று பேசினேன். குரலை உயர்த்தவில்லை, பொருளை உயர்த்தினேன். வெளிநாட்டு இன்ஜின் ஒன்று இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, ஊர்க்காரி செய்தாள் என்பதற்காக நிர்வாகம் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்றேன்.

"சிலிண்டர் தேஞ்சா நாலு திருகு கழட்டி நீங்களே மாத்திக்கலாம்ணே. மாத்துச் சிலிண்டர் ஈப்போலேருந்து மறுநாள் வந்துடும். அந்த வெளிநாட்டு இன்ஜின் தேஞ்சா? கப்பல் வர்ற வரைக்கும் கொப்புள நோய்கிட்ட கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்வீங்களா?"

பதில் வலுவானது, ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். இந்த இன்ஜின் குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த கலவை. மெத்தனால் காற்றின் ஈரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். எங்கள் மலையிலோ காற்றே பாதி தண்ணீர். பறந்து இறங்கிய இன்ஜினை அப்படியே பெட்டியில் வைத்தால், அச்சைத் தாங்கும் பின்பக்க எஃகு பேரிங் துருப்பிடிக்கும். மழைக்காலம் ஒன்றைக்கூட அது தாண்டாது. இதற்கு உங்கள் வடிவமைப்பில் என்ன காப்பு இருக்கிறது என்று கேட்டேன்.

தேன்மொழி அந்தப் பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதோரம் சிவந்துவிட்டது. "நீங்க யாரு பக்கம்ணே?" என்றாள் மெல்ல.

சுந்தரராஜு ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரிங்கை அவரும் நினைத்திருக்கவில்லை.

மூன்றாவதாக இறுக்கத்துக்கு வந்தேன். "குளிர்ந்த நிலையில் இந்த இன்ஜின் மேல்முனையில் பிடிக்கிறது" என்று தொடங்கினேன். அங்கேயே நின்றுவிட்டேன். மேடையில் எதிரணியின் வாக்கியத்தில் பலவீனமான சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அன்று பலவீனமான சொல் என் வாக்கியத்திலேயே இருந்தது. குளிர்ந்த நிலையில்! ஐயாவின் விரல் உணர்ந்தது உண்மை. ஆனால் அது தூங்குகிற இன்ஜினின் உண்மை. ஊமை என்று ஒருவனைத் தீர்மானிக்குமுன் அவனை எழுப்ப வேண்டாமா?

"ஐயா, என் எதிர்ப்பு முடிந்தது. பேரிங் குற்றம் நிற்கிறது. இறுக்கக் குற்றம் நிற்கவில்லை. இன்னும் விசாரிக்கப்படவே இல்லை. இன்ஜினை ஓட்டாமல், அது வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவந்தால், நீங்கள் கை வைப்பீர்களா?"

"எப்படிச் சூடு பண்ணுவ? அடுப்புல போட்டா ஒரு பக்கம் கருகும்."

"ஒரே சீராகச் சூடு தரும் பொருள் இந்தத் தோட்டத்தில் ஒன்றுதான் இருக்கிறது ஐயா. அதில்தான் தினமும் தேயிலை உலர்கிறது."

டீ மேக்கர் மணியம் எங்களைத் தொழிற்சாலை வாசலிலேயே மறித்தார். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் குடித்துவிடும். அதனால் தொழிற்சாலைக்குள் அவர் பூ வைத்த பெண்களைக்கூட விடமாட்டார். நானோ விளக்கெண்ணெய் ஊறிய இன்ஜினோடு நிற்கிறேன்.

"ஏன்யா, டீ குடிச்சவனுக்கெல்லாம் வயித்தால போகணுமா?"

"மாமா, நல்லாக் கழுவிட்டுத்தான் கொண்டாருவோம்" என்றாள் தேன்மொழி.

"நல்லான்னா எப்படி?"

"நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. வாசன இருந்தா வாசப்படி தாண்ட மாட்டோம்."

கழுவினோம். முகர்ந்தார். "இல்ல" என்று தலையாட்டினார். மறுபடி பிரித்து, மெத்தனாலில் ஊறவைத்து, துணியால் துடைத்துக் காயவைத்தோம். மீண்டும் முகர்ந்தார், நெடுநேரம் முகர்ந்தார். கடைசி இலை வெளியேறிய பிறகு, கொழுந்து போகும் பாதையில் அல்லாமல் காற்று வெளியேறும் பக்கவாயில் மட்டும், அதுவும் தன் கண்முன்னால், என்று நிபந்தனை விதித்து வழிவிட்டார்.

சாட்சிகளே, தொடக்கத்தில் நான் காட்டிய காட்சிக்கு வந்துவிட்டோம். சுத்தமான எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் உள்ளே விட்டு, இன்ஜினைக் கம்பியில் தொங்கவிட்டேன். வெப்பக்காற்று அதைச் சுற்றி ஓடியது. மணியம் இடையிடையே காற்றை முகர்ந்துகொண்டிருந்தார். போதுமென்று பட்டதும், பருத்தித்துணியால் பிடித்து ஐயாவின் முன்னால் நீட்டினேன்.

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். வைக்க ஜன்னல் இல்லை. தேன்மொழி கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் வைத்தார். துணியைச் சுற்றிய கட்டைவிரலை அச்சில் வைத்து, கண்களை மூடினார். அச்சு சுழன்றது. மேலேறியது. மேல்முனையில் ஒரு சிறு அழுத்தம், டிக் இல்லை. தாண்டிவிட்டது. இன்னொரு சுற்று. இன்னொன்று. பிறகு ஐயா ஒரு காரியம் செய்தார். அதற்காகவே நான் அவரை வணங்குவேன். இன்ஜினைத் திருப்பித் தராமல், தன் கையிலேயே வைத்து ஆறவிட்டார். ஆற ஆறச் சுழற்றினார். சூடு இறங்கும்போது பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததை அவர் முகத்தில் நாங்கள் எல்லோரும் படித்தோம். கடைசியில் டிக்கென்று பழையபடி பிடித்தது.

அவர் கண்களைத் திறந்தார். "ம்" என்றார்.

தேன்மொழி கடிகாரத்தை நீட்டினாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கட்டிக்கொள்ளவில்லை. "தாஸு, அந்தப் பாலிஷ் டப்பாவ இது பக்கத்துல கொண்டாந்தா உன் கைய ஒடிப்பேன்" என்றார்.

மறுநாள் காலை திடலில் விமானம் தயாராக நின்றது. தேன்மொழிதான் பறக்கவிட்டாள். ஈப்போவின் காற்றுக்கு வைத்திருந்த அளவில் இன்ஜின் எரிபொருளை அள்ளிக் குடித்துப் புகை கக்கியது. எங்கள் மலையில் காற்று மெலிது என்று சொல்லி, எரிபொருளை அளந்துவிடும் ஊசி வால்வைச் சற்று உள்ளே திருகினேன். ஓசை தெளிந்து உயர்ந்தது. விமானம் புல்லை விட்டெழுந்து, வரிசை வரிசையாகக் கிடந்த தேயிலைக்கு மேலே ஏறி, முகட்டுக்கு அப்பால் வளைந்து, மூட்டம் கீழே இறங்குமுன் திரும்பி வந்து எங்கள் காலடியில் இறங்கியது. கேமராவிலிருந்த படங்களை மேனேஜர் அறையில் பெரிதாக்கிப் பார்த்தோம். சாலையிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு மடிப்பில், பசுமைக்கு நடுவே வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. மருந்துப் பம்புகள் அன்றே அங்கே போயின. நோய் அந்த மடிப்பைத் தாண்டவில்லை.

அறிக்கையை ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வடிவமைப்பு நன்று, கொடுக்கும் விலைக்குத் தகும், வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு பறத்தலுக்குப் பின்னும் பேரிங்கில் எண்ணெய் விட வேண்டும். அடுத்த வடிவத்தில் பேரிங்குக்கு மூடி வேண்டும். அந்த நிபந்தனையை எழுதும்போது தேன்மொழி முறைத்தாள். ஆனால் அடுத்து வந்த இன்ஜினில் மூடி இருந்தது. இன்று அவள் தொழிற்கூடம் பெரிய தொழிற்சாலை. அங்கே வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல்நாள் பாடமே, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தாங்கள் செய்ததற்கு எதிராகத் தாங்களே பேசுவதுதானாம்.

அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகு ஐயா பேனாவை மூடவில்லை. என்னிடம் நீட்டினார். "கீழ நீயும் போடு" என்றார். பட்டறையில் அதுவரை ஒரே கையெழுத்துத்தான் வழக்கம். போட்டேன்.

"ஜெயிச்சுட்டீங்கண்ணே" என்று தேன்மொழி சிரித்தாள். "இனிமே நான் எது கொண்டாந்தாலும் நீங்க என் பக்கம்தானே?"

ஐயா என் முகத்தையே பார்த்தார். மேனேஜரும் தாஸ் அண்ணனும், தன் டிரையரின் வெற்றியைக் கேட்க வந்திருந்த மணியமும் பார்த்தார்கள். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில்தான் சொன்னேன்:

"அடுத்தது நல்லா இல்லன்னா, தேன்மொழி, இதே எடத்துல நின்னு, இதே சத்தத்துல, வேணாம்னு சொல்வேன்."